கூந்தலுக்கும் முகத்திற்கும் இடையே

சிகை அலங்காரத் தொழிலிலிருந்து நடிப்புக்கு வந்தோரைக் குறித்து எழுதுவோர் துணிவையும் திறமையையுமே போற்றுகின்றனர். வழி திறந்திருந்ததா என்று கேட்பவர் சிலரே.

அமெரிக்க நடிகர் டேனி டிவிட்டோ நியூ ஜெர்சியில் தமக்கையின் அழகுநிலையத்தில் பணியாற்றியவர். முக ஒப்பனை கற்கவே நியூயார்க்கின் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேயே நடிப்பின்பால் ஈர்க்கப்பட்டார். கூந்தலிலிருந்து முகம், முகத்திலிருந்து மேடை.

மும்பைத் திரையுலகில் பெண்களுக்கு அந்த நடுப்படியே மறுக்கப்பட்டிருந்தது. ஒப்பனைக் கலைஞர்களுக்கும் சிகை அலங்கரிப்போருக்குமான சங்கம் பெண்களுக்குச் சிகை அலங்கார அட்டை மட்டுமே வழங்கியது. பெண்கள் ஒப்பனைக்கு வந்தால் ஆண்களின் பிழைப்புக் கெடுமாம். நாயகியின் கூந்தலைத் தொடலாம். அதற்கு இரு விரற்கடை கீழே நெற்றியைத் தொடலாகாது!

சாரு குரானா முதலியோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பர் 10 அன்று இத்தடையைச் செல்லாததாக்கியது. திரைத்துறை ஆய்வாளர்கள் நட்சத்திர வரலாறுகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, இத்தகைய சங்க விதிகளைப் படித்தல் நன்று. உறுப்பினராவதற்கு மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் அதே தீர்ப்பில் வீழ்ந்தது. தமிழகத்திலிருந்து அண்மையில் குடிபெயர்ந்து, கோபர்கைரனேயின் அழகுநிலையம் ஒன்றில் சீப்புப் பிடிக்கும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று.