கண்டேன் என்றால் போதுமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் மூத்தோர் சொல்வார்கள். பரீட்சைக் கட்டுரையில் இந்தப் பழமொழியை ஒரு தடவையாவது எழுதாத மாணவி நம்மில் இருக்க முடியாது. ஆனால் இதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, ஒரு சதமும் பெறாமல் மணிக்கணக்காக ஆராய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்கள் ஆராய்வது கொலை வழக்கையும் அல்ல, காணி உறுதியையும் அல்ல. "நான் ஓர் அரிய பறவையைக் கண்டேன்" என்று யாரோ ஒருவர் சொன்ன வார்த்தையைத்தான்.

"ஒரு குருவியைக் கண்டதற்கும் ஒரு விசாரணையா?" என்று கேட்கத் தோன்றும். பறவை பார்ப்பவர்களிலேயே சிலருக்கு இந்தக் குழுக்கள் மீது கோபம் உண்டு. "என் கண்ணை நம்பாமல் இருக்க இவர்கள் யார்? இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது எந்தச் சட்டம்?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த விசாரணை தேவை என்பதே என் கருத்து. அதே நேரம் விசாரிப்பவர்களும் சில கடமைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் ஏறத்தாழ 500 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. இந்தப் பட்டியல் ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. 1943ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிலோன் பறவைக் கழகம் அன்று முதல் உறுப்பினர்களின் குறிப்புகளைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. 1976இல் உருவாகி, கொழும்புப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்ட இலங்கைக் களப் பறவையியல் குழு பொதுமக்களையும் மாணவர்களையும் இந்தத் துறைக்குள் அழைத்து வந்தது. வழக்கமான பறவைகள் என்றால் குறிப்பு அப்படியே சேர்ந்துவிடும். நாட்டில் முன்பு காணப்படாத, அல்லது மிக அரிதாக வரும் பறவை என்றால் அப்படி அல்ல. அனுபவமுள்ள சிலர் அந்தக் குறிப்பை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. எந்த நாள், எத்தனை மணிக்கு? எவ்வளவு தூரத்தில்? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது? எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்? அலகு, கால், வால் எப்படி இருந்தன? சத்தம் கேட்டதா? அருகில் வேறு பறவை இருந்ததா? குறிப்பைப் பார்த்தவுடன் எழுதினீர்களா, அல்லது வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிய பிறகு எழுதினீர்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகத்தைப் பார்த்த பிறகு நம் ஞாபகம் மெல்ல மெல்லப் படத்தில் உள்ளதைப் போலவே மாறிவிடும். நாம் பொய் சொல்லமாட்டோம். ஆனால் உண்மையும் சொல்லமாட்டோம்.

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்தின் மேலே பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். வெள்ளைத் தலையும் செங்கபில உடலும் கொண்ட செம்பருந்து அங்கே சாதாரணம். ஒருநாள் முழுதும் பழுப்பு நிறமான ஒரு பருந்து தென்பட்டால், "கரும்பருந்து!" என்று சொல்லத் தோன்றும். கரும்பருந்து மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வடக்குக் கரையோரங்களில் சாதாரணமாகக் காணப்படுவது; கொழும்பில் அரிது. ஆகவே அது ஒரு செய்திதான். ஆனால் செம்பருந்தின் குஞ்சு வளர்ந்து பறக்கத் தொடங்கும் காலத்தில் அதுவும் பழுப்பு நிறமாகவே இருக்கும். வாலைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். கரும்பருந்தின் வால் நுனி உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும். செம்பருந்தினது வட்டமாக இருக்கும். வாலைப் பார்க்காத ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கண்டது எது என்று அவராலேயே சொல்ல முடியாது. இங்கே குழு சந்தேகப்படுவது அவருடைய நேர்மையை அல்ல. சான்று போதுமா என்பதைத்தான்.

இந்த வேறுபாட்டை நம்மில் பலர் புரிந்துகொள்வதில்லை. "ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்றால் "நீ பொய் சொல்கிறாய்" என்று அர்த்தமல்ல. "நாளை வேறொருவர் இதை நம்பி ஒரு முடிவெடுக்க இந்தக் குறிப்பு மட்டும் போதாது" என்றே அர்த்தம். பிரித்தானியாவில் 1959ஆம் ஆண்டு முதல் பத்துப் பேர் கொண்ட அரிய பறவைக் குழு ஒன்று இயங்குகிறது. ஏற்றவற்றை மட்டுமல்ல, ஏற்காதவற்றையும் அது ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. புதிய சான்று வந்தால் பழைய முடிவை மீண்டும் எடுத்துப் பார்க்கவும் இடமுண்டு.

சரி, ஒரு பிழையான பதிவு பட்டியலில் ஏறிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் உண்டு என்பதற்கு நம் அயல்நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. மத்திய இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிறிய ஆந்தை இனம் 1884ஆம் ஆண்டுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் 1914இல் குஜராத்தில் தான் ஒன்றைச் சேகரித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி எழுதி வைத்திருந்தார். அவர் பெரிய மனிதர், புகழ்பெற்ற பறவை ஆர்வலர். ஆகவே அவர் சொல்லை எல்லோரும் நம்பினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னர் பமெலா ராஸ்முசென் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி அருங்காட்சியகங்களில் இருந்த பாடம்செய்யப்பட்ட பறவைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். அந்த 1914ஆம் ஆண்டு ஆந்தை வேறொருவர் முன்பு சேகரித்தது. திருடப்பட்டு, பொய்யான சீட்டு ஒட்டப்பட்டது என்று தெரியவந்தது. பொய்யான இடத்தைத் தள்ளிவிட்டு, உண்மையான பழைய குறிப்புகள் காட்டிய இடங்களில் அவரும் அவரது தோழர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிர மாநிலத்தில் அந்த ஆந்தை உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. 113 ஆண்டுகள் காணாமல் போயிருந்த பறவை அது. ஒரு பெரிய மனிதரின் சொல்லைச் சோதிக்காமல் விட்டதால் தேடுவோரின் பார்வை பிழையான திசைக்குத் திரும்பியது. சோதித்த பிறகுதான் வழி தெரிந்தது.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி 1892 முதல் 1930 வரை அரிய பறவைகள் நம்பமுடியாத அளவுக்குக் கிடைத்தன. 1962இல் அந்தப் பதிவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த அறிஞர்கள் அவற்றை நம்ப முடியாது என்று முடிவு செய்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட வகைகள் அந்நாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல பின்னர் அந்நாட்டில் நம்பகமான முறையில் காணப்பட்டன. உண்மையில் வரக்கூடிய பறவைக்கும் பொய்ச் சாட்சி தேவையில்லை என்பதே இதன் பாடம்.

நம் நாட்டிலோ பெருமைப்படத்தக்க ஓர் உதாரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு கித்துல்கலைப் பகுதிக் காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் தனக்குத் தெரியாத ஓர் இரவுப் பறவையின் குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைகளின் குரல்களை நன்கு அறிந்தவர் அவர். "புதிய இனம் கண்டுபிடித்துவிட்டேன்" என்று மறுநாளே அறிவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜாவில்தான் அந்தச் சிறிய ஆந்தையைக் கண்ணால் கண்டார். 2004ஆம் ஆண்டு, மேலே சொன்ன அதே பமெலா ராஸ்முசெனுடன் சேர்ந்து விஞ்ஞான முறைப்படி விவரித்து வெளியிட்டார். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் அப்படி ஒரு புதிய பறவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. குரல் கேட்டதற்கும் உலகத்துக்குச் சொன்னதற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுப் பொறுமையால்தான் இன்று அதை யாரும் மறுத்துப் பேச முடியவில்லை.

சாட்சியைக் கேட்டு முடிவெடுக்கும் முறை நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஒவ்வொரு மாதமும் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் தலைப்பிறை பற்றி முடிவெடுக்கும்போது, பிறை கண்டதாகச் சொல்பவரிடம் எங்கே, எப்போது, எப்படி என்று விசாரிக்கத்தான் செய்கிறார்கள். அப்படிக் கேட்பதை நாம் அவமரியாதையாகக் கொள்வதில்லை. பலர் நம்பி நடக்கப்போகும் ஒரு செய்தி என்பதால் அந்தக் கேள்விகள் அவசியம் என்று ஏற்றுக்கொள்கிறோம்.

"இப்போதுதான் எல்லோர் கையிலும் கெமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறதே, படம் எடுத்தால் முடிந்ததே" என்று சிலர் சொல்லலாம். படம் பெரிய உதவிதான். ஆனால் படம் எல்லாவற்றையும் சொல்லாது. கொழும்பில் கூண்டில் வளர்க்கும் வெளிநாட்டுக் கிளிகளும் குருவிகளும் ஏராளம். கூண்டிலிருந்து தப்பிய ஒன்று வெள்ளவத்தையில் ஒரு மரத்தில் வந்து அமர்ந்தால் படம் உண்மையானது, பறவையும் உண்மையானது. ஆனால் அது தானாக நம் நாட்டுக்கு வந்த பறவை அல்ல. கப்பல்களில் தொற்றிக்கொண்டு கடல் கடக்கும் பறவைகளும் உண்டு. நம் வீட்டுக் காகமே அப்படித்தான் ஆபிரிக்கத் துறைமுகங்கள் வரை பரவியது. போதாததற்கு, இல்லாத பறவையையே கணினி வரைந்து கொடுக்கும் காலம் இது. படம் பெருகப் பெருக விசாரணையின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு கொழும்பு நகரம் ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. நம் சதுப்பு நிலங்களின் பெறுமதியைக் காட்டும் சான்றுகளில் அங்கு வாழும் பறவைகளும் அடங்கும். மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மன்னார்த் தீவில் புதிய காற்றாலைத் திட்டம் பற்றிய வழக்கு 2024இல் உயர் நீதிமன்றம் வரை சென்றபோது, வலசை வரும் பறவைகளின் பாதை ஒரு முக்கிய வாதமாக இருந்தது. அப்படியான ஒரு மேசையில் வைக்கப்படும் பட்டியலில் ஒரு பொய்ப் பெயர் இருந்தால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைக் காட்டி முழுப் பட்டியலையும் தள்ளிவிடும். காற்றாலையும் நாட்டுக்குத் தேவை, பறவையும் தேவை. எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க நம்பத்தக்க கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு தொண்டர்களின் குறிப்புப் புத்தகங்களிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது.

இனி விசாரிப்பவர்களின் கடமைக்கு வருகிறேன். சட்டம் தராத அதிகாரம் நம்பிக்கையால் மட்டுமே நிற்கும். ஆகவே எங்கள் நாட்டிலாயினும் வேறு நாட்டிலாயினும் இத்தகைய குழுக்கள் மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஒன்று, ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவர் அடுத்த தடவை வாலையும் பார்ப்பார். காரணம் தெரியாதவர் அடுத்த தடவை அறிவிக்கவே மாட்டார். இரண்டு, அறிவித்தவரின் பெயரையும் வயதையும் அல்ல, குறிப்பையே எடைபோட வேண்டும். மைனர்ட்ஸ்ஹாகன் கதை பெரிய பெயரை நம்பியதால் வந்த கேடு. சிறிய பெயரை நம்பாமல் விடுவதும் அதே தவறின் மறுபக்கம்தான். குழுவின் உறுப்பினரே கண்ட பறவை என்றால் அவர் அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும். மூன்று, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய குறிப்புகளை வரவேற்க வேண்டும். இந்தத் துறையின் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மன்னார் மீனவர் ஒருவர் நாற்பது வருடமாகக் கடற்பறவைகளைப் பார்த்திருக்கலாம். அவர் அறிந்தது அவருடைய மொழியிலேயே இருக்கிறது. ஆங்கிலம் எழுதத் தெரியாததால் அது பதிவாகாமல் போனால் நட்டம் அவருக்கு அல்ல, நாட்டுக்கு.

பெற்றோர்களே, பறவை பார்ப்பதற்குப் பெண்பிள்ளைகள் காடு மேடெல்லாம் அலைய வேண்டும் என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் மாடிவீட்டு பல்கனியில் நின்றால் கால்வாயில் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் தெரியும். பேர வாவியில் கூழைக்கடா நீந்தும். மட்டக்குளியில் ஓர் இடத்துக்கே காக்கைத்தீவு என்று பெயர். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய்க் கொழும்பு வீட்டுத் தோட்டங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும். பிள்ளை "புதிதாக ஒரு பறவை வந்தது" என்று ஓடிவந்து சொன்னால், "போய்ப் படி" என்று விரட்டாமல், "வால் எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதுவும் படிப்புத்தான்.

தோழியரே, ஒரு நாளைக்கு எத்தனை செய்திகள் நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேருகின்றன! "நேரில் கண்டவர் சொன்னது" என்ற ஒரு வரி இருந்தால் போதும், விரல் தானாகவே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறது. யார் கண்டார், எப்போது, எவ்வளவு தூரத்தில் என்று நாம் கேட்பதில்லை. ஒரு குருவிக்குக் காட்டும் அந்த அக்கறையை ஒரு மனிதரின் மானத்தைப் பற்றிய செய்திக்கு நாம் காட்டுவதில்லை என்பது வெட்கத்துக்குரியது. சம்பளமில்லாத அந்தப் பறவைக் குழுக்களிடம் நாம் கற்க வேண்டியது இதைத்தான்: கண்டதை உடனே எழுதிவை, எவ்வளவு கண்டாயோ அவ்வளவே சொல், கேள்வி கேட்டால் கோபப்படாதே, நீ கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தால் மரியாதையோடு கேள்.