வழி சொல்ல ஒரு பழைய போன்

டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். "மாமா, லீவு கிடைச்சா காரை எடுத்துக்கிட்டு மலை மலையா சுத்துறீங்களே, ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கிட்டு வரட்டுமா? இங்கே தள்ளுபடியில போட்டிருக்கான்" என்று கேட்டான். வேண்டாம்ப்பா என்றேன். ஏன் என்று அவன் விடாமல் கேட்க, பேச்சு நீண்டுவிட்டது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பப் பலரும் திட்டம் போடும் நேரம் இது. அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் கார்மின் போன்ற கருவிகளில் வட அமெரிக்க வரைபடம்தான் ஏற்றியிருக்கும். இந்திய வரைபடத்தைத் தனியாகத் தேடி வாங்கி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அவிநாசி ரோட்டின் நடுவில் நின்றாலும் கருவிக்கு அது பொட்டல்தான். இதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இன்ரீச் என்ற பெயரில் கார்மின் விற்கும் கருவி வழி காட்டுவதோடு, செயற்கைக்கோள் மூலம் செய்தியும் அனுப்பும். மலையேறுபவர்கள் ஆபத்தில் உதவி கேட்பதற்காக வைத்திருப்பது அது. உரிமம் இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். 2024 டிசம்பரில் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண்ணை கோவா விமான நிலையத்தில் இதற்காகவே தடுத்து வைத்தார்கள். சிக்னலை வாங்கி இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும் சாதாரணக் கார் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் வாங்கிவரச் சொல்லும் பெற்றோர் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு தொல்லையும் இல்லாத கருவி கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்தான். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். டவர் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள், தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும், நாம் நிற்கும் இடத்தைப் போன் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அது மேலே எதையும் அனுப்புவதில்லை. சிம் வேண்டாம், நெட் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

திம்பம் பக்கம் போனால் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பண்ணாரி தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, தலமலைக் காட்டுப் பக்கம் திரும்பினால் டவர் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மேப்பில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீல அம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே சாலை இல்லை, ஓடை இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. வெளிறிய கட்டங்கள் மட்டும். கிளம்பும்போது போட்ட வழி கொஞ்ச தூரத்துக்கு நினைவில் இருக்கும். ஒரு பிரிவில் தப்பான பக்கம் திரும்பிவிட்டால் புது வழி போட்டுத்தர அதனால் முடியாது. போன் இழந்தது ஜிபிஎஸ்ஸை அல்ல, வரைபடத்தை. தனிக் கருவி இங்கே தடுமாறாது, ஏனென்றால் முழு வரைபடமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கருவிகள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான், எந்தத் தெருவில் திரும்புவது என்பதைக் காரில் நம்பிக் கேட்க முடிந்தது. கார்மினும் டாம்டாமும் உலகமெங்கும் விற்றன. இங்கே மேப்மைஇந்தியா கருவிகள் வந்தன. 2009 அக்டோபரில் ஆண்ட்ராய்டு போன்களில் இலவசமாக வழி சொல்லப்போவதாகக் கூகுள் அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே கார்மின் பங்கு சுமார் 16 சதவீதம் சரிந்தது. டாம்டாமுக்கு அதைவிடப் பெரிய அடி.

இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது போன் காட்டும் சாலை நிலவரம். பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் நகராமல் கிடக்கும். மேப்பில் வரும் அந்தச் சிவப்புக் கோட்டை யாரும் உட்கார்ந்து வரைவதில்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களின் போன்கள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதை வைத்து அது தானாக உருவாகிறது. அதைப் பார்ப்பவர் திண்டிவனத்திலேயே முடிவெடுக்கலாம்: நிறுத்தி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாம்; அல்லது செங்கல்பட்டில் பிரிந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஈசிஆரைப் பிடிக்கலாம். வரைபடத்தை மட்டும் வைத்திருக்கும் கருவிக்கு இந்தச் சங்கதி தெரியவே தெரியாது. நகரத்துக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் போனுக்கு நிகர் எதுவும் இல்லை.

அப்படியானால் கையில் இருக்கும் போனே போதுமா? அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சித்திரை மாத மதியம் கரூர் பைபாஸில் போகிறீர்கள். போன் முன்கண்ணாடிக்குக் கீழே ஹோல்டரில் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கிறது. திரை முழு வெளிச்சத்தில், சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கிறது. 35 டிகிரிக்கு மேலான சூழலில் ஐபோனைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. முதலில் திரை மங்கும், அப்புறம் சூடு குறையட்டும் என்று எச்சரித்துவிட்டு வேலையை நிறுத்திவிடும். காருக்கென்றே செய்த கருவி இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். போனை நம்புபவர்கள் ஹோல்டரை ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சூட்டைவிட மோசமானது அழைப்பு. மேம்பாலத்தில் ஏறுவதா, பக்கத்து சர்வீஸ் ரோட்டில் இறங்குவதா என்று பார்க்க வேண்டிய அதே நொடியில் வீட்டிலிருந்து போன் வரும். "எங்கே வந்துக்கிட்டு இருக்கீங்க?" வரைபடம் இருந்த இடத்தில் கூப்பிடுபவரின் பெயர். வங்கிச் செய்தி, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, யாரோ அனுப்பிய காலை வணக்கம் எல்லாம் அந்தத் திரையில்தான் வந்து விழும். ஓட்டுபவரின் கை தானாக அதை நோக்கிப் போகும். 2020 அக்டோபரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, ஓட்டும்போது கையடக்கச் சாதனத்தை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்றார்கள். விதி சரியாகத்தான் இருக்கிறது. நாலு வேலை பார்க்கும் போனை வைத்துக்கொண்டு அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். தனிக் கருவியின் உண்மையான மதிப்பு, அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. அந்த நிம்மதி நமக்கு வேண்டும். பின்சீட்டில் அப்பா அம்மாவும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும்போது கட்டாயம் வேண்டும்.

அதனால்தான் என் காரில் வழி சொல்வதற்கென்றே ஒரு பழைய போன் இருக்கிறது. சிம் கிடையாது. வாட்ஸ்அப், யூடியூப், விளையாட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேப் மட்டும் வைத்திருக்கிறேன். எல்லார் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று சும்மா கிடக்கும். கிளம்புவதற்கு முந்தின இரவு வீட்டு வைஃபையில் இணைத்து, போகும் பகுதியின் வரைபடத்தைக் கூகுள் மேப்பில் இறக்கிவிடுங்கள். சாலையை ஒட்டி ஒரு பட்டையாக இறக்குவதைவிட, இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு ஒரு பெரிய சதுரமாக இறக்குவது நல்லது. வழி தப்பும்போதுதானே அக்கம்பக்கம் தேவைப்படும்? இறக்கியது அப்படியே என்றைக்கும் இருக்காது, காலாவதியாகும், அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

கூடவே ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியையும் போட்டு வைத்திருக்கிறேன். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி உலகமெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் அதற்கு அடிப்படை. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா என்று மாநிலம் மாநிலமாக இறக்கிக்கொள்ளலாம். அதன்பின் இடம் தேடுவது, புது வழி போடுவது எல்லாம் நெட் இல்லாமலே நடக்கும். கடைப் பெயர்களில் அது கூகுளுக்குப் பின்தங்கித்தான் இருக்கிறது. காட்டுப் பாதை, ஒற்றையடிப் பாதை, ஓடை என்று வரும்போது பல இடங்களில் முந்திவிடுகிறது.

சிம் இல்லாத போனில் பொறுமை ஒன்று தேவை. சிம் உள்ள போன், செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை நெட் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். சிம் இல்லாதது அதைச் செயற்கைக்கோளின் ஒலிபரப்பிலிருந்தே பெற வேண்டும். அந்த ஒலிபரப்பின் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே. ஒரு செயற்கைக்கோளின் விவரத்துக்கே அரை நிமிடம் பிடிக்கும். நாள்கணக்கில் அணைத்துக் கிடந்த போனாக இருந்தால் சில நிமிடங்கள் ஆகும். வீட்டு வாசலில் திறந்த வானத்துக்குக் கீழே நின்று, அம்பு சரியான இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு வண்டியை எடுங்கள். ஊர் திரும்பியதும் போனைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். பழைய பேட்டரிக்கு வெயில் எமன். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தாலும் அதை மறுபடி சார்ஜில் போடக்கூடாது.

உங்கள் புதுப் போன் இடது சீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். முன்னால் நெரிசலா, டீசல் எங்கே கிடைக்கும், மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஊர் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

பைக்கில் நெடுந்தூரம் போகும் தம்பிகளுக்கு மட்டும், பணம் இருந்தால் தனிக் கருவி வாங்குங்கள் என்பேன். மழை தாங்கும், கையுறையோடு தொடலாம். அதோடு, பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுத்துவிடலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் எச்சரித்திருக்கிறது. புதுப் போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். பணம் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது, கேமரா போனாலும் கவலையில்லாத அந்தப் பழைய போன்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் எந்தக் கருவியையும் நம்பி விட்டுவிடக் கூடாத விஷயங்கள் உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோயிருந்த பாலத்தின் மீது மேப் காட்டிய வழியில் ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் முனையில் வண்டியை நிறுத்தும்படியான தடுப்பு இருக்கவில்லை. அந்த மரணங்களுக்கு மேப்பை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அதே ஆண்டு தொடக்கத்தில் நம் கூடலூரில் ஒரு கார் மேப்பைப் பார்த்துப் படிக்கட்டில் இறங்கி நின்றது; அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

மலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டியவை வேறு இருக்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழிதான் தூரம் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. திம்பத்திலும் 2022 முதல் கார்களுக்கு அதே நேரக் கட்டுப்பாடு.

பண்ணாரி செக்போஸ்ட்டில் ஒருநாள் இரவு பார்த்தேன். மணி 9 தாண்டியிருந்தது. கோவைப் பதிவெண் கார், பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிவந்தவர் போனை வனக்காவலர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இதுல ரூட் கிளியரா காட்டுது பாருங்க. மைசூர் மூணே கால் மணி நேரம்னு போட்டிருக்கு."

"அது போட்டிருக்கும் சார். மேலே ஆனை ரோட்டுலயே நிக்குது. குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எதுக்கு? காலைல ஆறு மணிக்கு வாங்க."

அவர் குரலில் அதட்டல் இல்லை. தினமும் இதே பதிலைச் சொல்கிறவரின் பொறுமை இருந்தது. கார் திரும்பிப் போனது.

திம்பம் வழியாக மைசூர் போகிறவர்கள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே பண்ணாரியைத் தாண்டிவிடுங்கள். முடியாது என்று தெரிந்தால் சத்தியமங்கலத்திலேயே அறை எடுத்து, அங்கே வைஃபை இருந்தால் வரைபடத்தை ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். தடுப்பைத் தூக்கும்போது வரிசையில் முன்னால் நிற்கலாம்.