பாம்பு பிடிக்கும் கைகளுக்கு ஓர் அனுமதி

வயல் வரப்பில் நடந்து போகிறவரைக் கண்ணாடி விரியன் கடிக்கிறது. அரசு மருத்துவமனையில் அவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். குதிரையின் உடலில் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துச் செய்கிற மருந்து அது. அந்த விஷம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவில் மருந்து செய்யப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி, நீண்ட காலமாக, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வடநெம்மேலியிலிருந்து வருகிறது. அதை எடுத்துத் தருகிறவர்கள் இருளர் பழங்குடியினர்.

2000 முதல் 2019 வரையான காலத்தை ஆராய்ந்தவர்கள், இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடிபடுகிறவரும் ஏழை, காப்பாற்றும் மருந்துக்கு மூலப்பொருள் தருகிறவரும் ஏழை. ஆனாலும் இருளர் வாழ்வாதாரம் என்று பேச்செடுத்தாலே, “அவர்களுக்கு ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும்” என்றுதான் தொடங்குகிறோம். தையல் இயந்திரமும் ஆட்டுக்குட்டியும் நல்லவைதான், தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கட்டும். தொழில் தெரிந்த சமூகம் ஏன் வறுமையில் கிடக்கிறது என்ற கேள்வியை மட்டும் அவற்றை வைத்து மூடிவிடக் கூடாது.

நடந்தது இதுதான். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகம் இங்கே பெரிய அளவில் நடந்தது. இருளர்கள் பாம்பைப் பிடித்துக் கொன்று தோலை வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். தோல் பதனிடப்பட்டுக் கைப்பையாகவும் இடுப்பு வாராகவும் வெளிநாடு போனது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. தடை சரியானது என்பதில் ஐயமில்லை. பாம்பு குறைந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும். ஆனால் சட்டத்தின் சுமை எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழவில்லை. முதல் வைத்திருந்த வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொள்ளலாம். கடப்பாரையும் துணிப்பையும் மட்டுமே வைத்திருந்தவருக்கு மாறிக்கொள்ள எதுவும் இல்லை. நேற்றுவரை அவருடைய பிழைப்பாக இருந்தது, இன்று குற்றமாகிவிட்டது.

சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து இதற்கொரு வழி கண்டார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டுமே அது வாங்குகிறது. மனிதர் உயிரை அதிகம் வாங்குகிறவை இந்த நான்கும்தான். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள், இனத்துக்கு இன்ன விலை என்று சங்கம் பணம் தருகிறது. பாம்புகளை மண்பானைகளில் வைத்து, பானைகளின் வாய்களைத் துணியால் கட்டி, சில வாரம் பராமரிக்கிறார்கள். வாரம் ஒரு முறை விஷம் எடுக்கப்படுகிறது. நான்கு முறை முடிந்ததும், திரும்பப் பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டு, தூளாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது.

இந்த ஏற்பாட்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொழிலின் அறிவு மாறவில்லை. மண்ணில் படிந்த தடத்தையும் வளையின் வாயையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லும் அந்தக் கண்ணுக்கு எந்தப் பயிற்சி நிலையமும் பாடம் நடத்தவில்லை. மாறியவை மற்றவை. தோலுக்குப் பதிலாக விஷம் சரக்கானது. தரகர் இருந்த இடத்தில் தாங்களே உறுப்பினராக உள்ள சங்கம் வந்தது. ஒளிந்து செய்ய வேண்டியிருந்த வேலைக்கு அரசின் எழுத்துபூர்வ அனுமதி கிடைத்தது. தோலுக்காகக் கொன்ற பாம்பு ஒரே ஒரு முறை பணம் தந்தது. இப்போது அதே பாம்பு நான்கு முறை விஷம் தந்துவிட்டு, எலி தின்னக் காட்டுக்கே திரும்பிப் போகிறது. நீடித்த வளர்ச்சி என்று அறிக்கைகளில் படிக்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு இருளர்களோ ஏறத்தாழ 1.9 லட்சம். அந்தச் சில நூறு பேருக்கும் வேலை நிச்சயமில்லை. அனுமதி தாமதமான காலங்களில் பானைகள் காலியாகக் கிடந்திருக்கின்றன. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை வரம்பு விதிப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த ஆணை பருவம் தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். கோப்பு மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டின் கூலி. ஒரே ஆண்டுக்கு என்றில்லாமல், பாம்புகளின் எண்ணிக்கையைக் கண்காணித்தபடி சில ஆண்டுகளுக்குச் சேர்த்து அனுமதி வழங்கினால், சங்கமும் மருந்து நிறுவனங்களும் முன்கூட்டியே திட்டமிட முடியும்.

சங்கத்துக்கு வெளியே இருக்கும் பெரும்பான்மையோரின் நிலை வேறு. செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு எனப் போகும் இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே தங்குகின்றன. கடன் கழியாதவரை வெளியேற முடியாது, கணக்கு முதலாளியின் கையில். 1976-இலேயே கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் இருளர்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. லட்சக் கணக்கிலான முழுத் தொகை, வழக்கில் முதலாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? திரும்பவும் ஒரு முன்பணம்தான் வழி.

இதோடு சாதிச் சான்றிதழ் சேர்கிறது. பழங்குடியினருக்கான சான்றைக் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்கள், ஏரிக்கரையில் வாழ்ந்த பெற்றோரிடம் எந்தக் காகிதமும் இருந்ததில்லை. சான்று இல்லாமல் பிள்ளைக்குக் கல்வி உதவியும் இடஒதுக்கீடும் எட்டாது. வீட்டுமனைப் பட்டா இல்லாத குடும்பம், குடியிருக்கும் நிலம் யாருடையதோ அவருடைய தயவில் இருக்கிறது. கூலி பேச அதற்கு வாய் வராது.

சங்கத்தின் அனுபவம் விரியவும் இடம் இருக்கிறது. ஒரே இனப் பாம்பானாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் விஷத்தின் தன்மை மாறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழகப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். ஆகவே மற்ற மாநிலங்களிலும் விஷ சேகரிப்பு மையங்கள் வேண்டும், அங்குள்ள பாம்பு பிடிக்கும் சமூகங்களுக்கு அது வேலையாகவும் அமையும். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு, அங்கு பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாக்குவோம் என்று மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டு தமிழ்நாடு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனையில் மருந்து இருப்பைப் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் வனத்துறையும் வருவாய்த்துறையும் உட்கார வேண்டும். இந்த ஆண்டுக்கான பிடிப்பு அனுமதி எந்தத் தேதியில் வெளியாகும், இருளர் குடியிருப்புகளில் நிலுவையில் உள்ள சான்றிதழ் மனுக்கள் எத்தனை, பட்டா மனுக்கள் எத்தனை என்று அங்கேயே கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.