கொட்டிலில் ஒரு பழைய கார்

பழைய மோட்டார்க் கார்களைத் திருத்தி ஓட்ட முயல்வோரைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. அது வீண் பைத்தியம் என்பது ஒன்று. செல்வந்தரின் விளையாட்டு என்பது மற்றொன்று. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இரண்டும் பொருந்தாக் கூற்றுக்களே. இங்கே, பாதி கழற்றிய மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ 40 காரையோ கொட்டிலில் வைத்துக்கொண்டு, மாலைப் பொழுதுகளில் எண்ணெய்க் கையோடு நிற்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பார். அவரிடம் பணமும் அதிகம் இல்லை. இடமும் அதிகம் இல்லை. இருப்பது ஒரு சிறு கொட்டில். அதிலேதான் சைக்கிள்களும் விறகும் நெல் மூடையும் இருந்தாக வேண்டும். அத்தகைய வீட்டில் ஓடாத காரொன்றுக்கு இடம் ஒதுக்குதல் தகுமா என்பதே கேள்வி. தகும் என்பதே நமது கருத்து. ஆயினும், எவ்வாறாயினும் தகும் என்று நாம் கூறவில்லை.

முதலில், இக்கார்களை வெறும் பழைய இரும்பு என்று தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் சொல்ல வேண்டும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்தி தொடங்கும் வேளையில், காரின் அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, நடுவே நான்கு அங்குலம் சேர்த்தார். பொனெற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. முன்னரே செய்து முடித்திருந்த பம்பர்களையும் அறுத்து இடையே துண்டு வைத்துப் பொருத்தினார்கள். நான்கு அங்குலத்தின் அருமை அறிந்த ஒருவரின் படைப்பை ஒன்பது அடி அகலக் கொட்டிலில் வைத்து மல்லாடுகிறவர்கள் இதை நினைந்து சிரித்துக்கொள்ளலாம்.

நமது நாட்டில் இக்கார்களின் ஆயுளை நீட்டியது அன்பு மட்டுமன்று, தேவையுமாகும். அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்ததைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பின்னர் 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் கிடையாத அந்த ஆண்டுகளில், பெரும்பாலான புதிய வாகனங்கள் படுத்துவிட, ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயிலே ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் அவை. ஆதலின் அந்தக் கனத்த எண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்றவும் வேண்டும். நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு, புகையைக் கக்கியவாறு அவை ஆசுபத்திரிக்கு ஓடிய காலத்தை நேரிற் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அது கதை. பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே இக்காரைத் திருத்துவது ஒரு நினைவைத் திருத்தி வைப்பதுமாகும். ஆனால் நினைவு இடத்தை அடைக்காது, கார் அடைக்கும். உணர்ச்சியைச் சற்று ஒதுக்கிவிட்டு அளவுகோலைக் கையிலெடுப்போம்.

மொறிஸ் மைனரின் நீளம் பன்னிரண்டு அடி நான்கு அங்குலம். அகலம் ஐந்து அடி ஓர் அங்குலம். பதினாறு அடி நீளமும் ஒன்பது அடி அகலமும் உள்ள கொட்டிலில் அதை நடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு இரண்டடியும் மிஞ்சாது. கதவைத் திறக்கவும் இயலாது. குனிந்து வேலை செய்யவும் இயலாது. ஒரு சுவரோடு ஒட்டி நிறுத்தினாலோ, மறுபக்கத்தில் ஏறக்குறைய நான்கடி கிடைக்கும். மூக்கை வாசற்பக்கம் வைத்து நிறுத்துவதே அறிவு; இயந்திரத்தைக் கழற்றும்போது முற்றத்திலே முக்காலி கட்டி இறக்கலாம். இவ்வளவு எளிய காரியத்தைச் செய்யாமலே கொட்டில் போதவில்லை என்று குறைப்படுவோர் பலர்.

எனினும் உண்மையான சங்கடம் முழுக் காரினால் வருவதன்று. கழற்றிய காரினால் வருவது. கதவுகள், மட்காட்கள், இருக்கைகள், பொனெற் எல்லாவற்றையும் கழற்றி நிலத்திலே பரப்பினால் ஒரு கார் மூன்று காரின் இடத்தைப் பிடிக்கும். முதல் உற்சாகத்தில் ஒரே வாரத்திற் கழற்றப்பட்டு, பின்னர் பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும் கார்கள் நம் ஊர்களில் எத்தனை! ஒரு பகுதியைக் கழற்றித் திருத்திப் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். இக்காருக்கு வேறாகச் சட்டம் கிடையாது. உடலே சட்டமாயும் நிற்பது. கறள் தின்ற அடித்தட்டை இருபுறமும் ஒரே வேளையில் வெட்டி எடுத்துவிட்டால் உடலே வளைந்துவிடும். பின்னர் எந்தக் கதவும் பொருந்தாது. ஆகவே சிறிது சிறிதாகச் செய்வது இடத்துக்கும் நன்று, காருக்கும் நன்று. கழற்றிய மட்காட்டைச் சுவரிலே பழைய ரியூப் சுற்றிய கொக்கியில் மாட்டலாம். இருக்கைகளைக் கூரைக்கடியிலே பரண் கட்டி ஏற்றலாம். திருகாணிகளை வெற்றுப் பால்மா ரின்களில் இட்டு, எந்தப் பகுதிக்குரியவை என்று எழுதி ஒட்டவேண்டும். எழுதாத ரின் குப்பைக்குச் சமானம்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. இடம் மிச்சப்படும் என்று கருதிக் கொட்டிலுக்குள்ளே குழி வெட்டி, காரின் கீழ் நின்று வேலை செய்வார் உளர். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது குழிக்குள்ளேதான் இறங்கித் தங்கும். அங்கே ஒரு பொறி போதும். அதுபோலவே கிடுகுக் கூரையின் கீழே ஒட்டுவேலை செய்வதும் தற்கொலைக்கு ஒப்பானது. அவ்வேலையை முற்றத்திலே, பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீரோடு செய்க.

இனி வீட்டாரின் வழக்கைக் கேட்போம். கொட்டில் காரின் சொத்தன்று. மழைக்காலத்தில் விறகு நனையாமல் இருப்பதும் பிள்ளைகளின் சைக்கிள் உள்ளே நிற்பதும் அவ்வீட்டின் நியாயமான உரிமைகள். இவ்வுரிமைகளைப் பெரும்பாலும் வாய்திறவாமலே விட்டுக்கொடுப்பவள் வீட்டுக்காரி. அவளுடைய விறகை வெளியே தள்ளிவிட்டுப் பழைமையைப் பேணுகிறேன் என்பது பெருமையன்று. பாதிச் சுவர் அவளுடையது என்று முதலிலேயே கோடு கிழித்துவிட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் அடங்காத கார், அவ்வீட்டுக்கு உரிய கார் அன்று.

இரண்டாவது கார் வாங்கும் ஆசையும் இதிலே அடங்கும். உதிரிப் பாகங்களுக்காக என்று சொல்லியே அது வரும். பின்பு அதையும் திருத்திவிடலாம் என்று தோன்றும். கடைசியில் ஒன்று கொட்டிலிலும் ஒன்று வேலியோரத்திலுமாக இரண்டும் கறள்பிடிக்கும். நம் கடற்காற்றில் ஒரு தறப்பாளைப் போட்டு மூடிவிட்டால் காப்பாகும் என்று நம்புவது பேதைமை. உள்ளே ஈரம் அடைபட்டு, மூடாத காரைவிட மூடிய காரே விரைந்து உக்கிப்போகும். பாகங்களுக்காக வாங்கிய காரானால் வேண்டியவற்றைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். இதிலே நாம் தாட்சணியம் காட்டமாட்டோம்.

அப்படியானால் விற்றுவிடலாமே என்பர் சிலர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரையில் பழைய கார்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் தேடி வந்தார்கள். விற்றவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கு முன்னால் ஒரு ஏ 40 எம்மாத்திரம்? ஆனால் காரோடு போவது கார் மட்டுமன்று. காபரேற்றரைக் காதால் கேட்டே சீர்செய்யும் முதிய திருத்துநர்கள் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்களின் கைத்திறன் ஏட்டில் எழுதப்படவில்லை. அதைக் கற்க விரும்பும் இளைஞனுக்கு முன்னே ஒரு கார் கிடக்க வேண்டும். இல்லாவிடின் அவர் எதைத் தொட்டுக் காட்டுவார்? அது வெறுங் கற்பனையன்று. இந்நாட்டின் தெற்கே, 1990களில், மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களைக் கையால் அடித்துச் செய்து, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். நம் பட்டறைகளுக்கும் அந்தக் கை உண்டு.

தனி வீடுகளின் கொட்டில்கள் இப்பாரத்தை எந்நாளும் தாங்கமாட்டா. ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் வளவுகளில் பத்திரிகை வாசிக்கவும் கரப்பந்து ஆடவும் இடம் இருக்கிறது. அங்கே தகரக் கூரையிட்டு, சீமெந்துத் தரையிட்டு, இருபதடிக்கு முப்பதடியில் ஒரு பொதுக் கொட்டில் அமைத்தாலென்ன? ஒரு கார் ஆறு மாதத்துக்கு மேல் தங்கலாகாது என்று விதி இருக்கட்டும். உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் படிக்கும் மாணவர் மாலையில் வந்து கைகொடுக்கட்டும். ஊருக்கு ஒரு முதியவர், வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கதிரையில் இருந்தாலே போதும். முதலில் வாங்க வேண்டியவை நல்ல ஜக் ஒன்று, உறுதியான தாங்குகால்கள் நான்கு, தீயணைக்கும் மண்வாளிகள் இரண்டு. கார்கள் தாமே வந்து சேரும்.