சுழற்றினால் போதுமா? சுமையை உணர வேண்டாவா?

ஒரு பொறியை ஓடச் செய்தல் எளிது. ஓடும் பொறி என்ன பாடு படுகின்றது என்பதை அறிதலே அரிது. இற்றை நாளில் பள்ளிச் சிறுவர் முதல் தொழிற்பயிற்சி மாணவர் ஈறாகத் தமிழிளைஞர் பலர் நுண்கட்டுப்படுத்திப் பலகையொன்றை வாங்கி, அதனோடு சிறு மின்னோடியை இணைத்துச் சுழற்றிக் காட்டுகின்றனர். சூழ நிற்பார் கைதட்டுகின்றனர். பாராட்டத் தக்கதே! ஆயின், சுழலும் அவ்வச்சை ஒருவர் அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டால், அந்நிலை அப்பலகைக்குத் தெரியுமா? தெரியாது. மின்னோடி புகைந்து கருகும்வரை அது 'சுழல், சுழல்' என்று ஏவிக்கொண்டே இருக்கும். ஏவத் தெரிந்து உணரத் தெரியாத இக்கல்வி அரைக் கல்வியே.

திருவண்ணாமலைக் கார்த்திகைப் பெருவிழாவின் ஏழாம் நாள், ஐந்து தேர்கள் மாடத் தெருக்களில் ஓடுகின்றன. பெரிய தேரின் வடம் பிடிப்பார் எண்ணற்றோர். காண்பார் கண்ணெல்லாம் அவ்வடத்தின் மேலேயே இருக்கும். ஆயினும், தேர் பழுதின்றி நிலைக்கு வருவது, உருளைகளின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் சிலராலேயே ஆகும். தேர் எப்பக்கம் சாய்கின்றது, எவ்வளவு விரைகின்றது, எங்கே இறுகுகின்றது என்பவற்றை நொடிதோறும் அறிந்து, அவர்கள் கட்டையை இடுகின்றனர்; எடுக்கின்றனர். இழுப்பது ஆற்றல், முட்டிடுவது அறிவு. இரண்டும் கூடியதே கட்டுப்பாடு. முட்டுக்கட்டையாளர் இல்லாத தேரின் அருகில் எவரேனும் துணிந்து நிற்பரோ? அத்தகைய தேரே, சுமையறியாது சுழலும் மின்னோடி.

இனி, மின்னோடி தன் சுமையை எவ்வாறு தெரிவிக்கின்றது என்று காண்போர் வியப்பர். 1873இல் வியன்னாப் பொருட்காட்சியில், கிராம் என்பார் செய்த மின்னாக்கியே மின்னோடியாகவும் ஓடிக் காட்டியது. இரண்டும் ஒரே பொறியின் இரு முகங்கள் என்பதை உலகம் அன்று கண்கூடாகக் கண்டது. சுழலும் மின்னோடி, சுழலும் அந்நேரத்திலேயே தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை ஆக்குகின்றது. விரைவு மிகுந்தால் அவ்வெதிரழுத்தம் மிகும். சுமையேறி விரைவு குன்றினால் அதுவும் குன்றும். அது குன்றுமளவு, உள்ளே பாயும் மின்னோட்டம் பெருகும். ஆகவே, மின்னோட்டத்தை அளந்தாலே சுமையை அளந்ததாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 12 வோல்ட் நேர்மின் மின்னோடி ஒன்றின் சுருளில் தடை 4 ஓம் எனக் கொள்க. சுமையின்றி ஓடுங்கால் 0.2 ஆம்பியர் பாய்ந்தால், எதிரழுத்தம் 11.2 வோல்ட். சுமையேறி 1 ஆம்பியர் பாய்ந்தால், அது 8 வோல்ட்டாகிறது. விரைவு ஏழில் ஐந்து பங்காகக் குறைகிறது. அச்சு முற்றும் திணறி நின்றுவிட்டால், எதிரழுத்தம் இல்லை. பாய்வது 3 ஆம்பியர். அப்பொழுது உட்புகும் 36 வாட்டும் ஒரு சிறிதும் வேலையாகாது, முழுதும் வெப்பமாகின்றது. மின்னோடி கருகுவதன் கரணியம் இதுவே.

நுண்கட்டுப்படுத்தியின் முனையொன்று 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகலின், இடையே ஓர் இயக்கிச் சில்லு வேண்டப்பெறும். மாணவரிடையே மிகப் பரவியிருப்பது எல் 298 என்னும் சில்லு. அதன் 15 கால்களுள் முதற் காலும் பதினைந்தாங் காலும், மின்னோட்டத்தை உணர்தற்கென்றே ஆக்கியோர் விட்டுவைத்தவை. ஆனால், மலிவு விலைக்கு விற்கும் பலகைகளில் அவ்விரண்டையும் நேரே நிலமுனையோடு இணைத்துவிடுகின்றனர். ஆக்கியோன் திறந்து வைத்த கண்ணை விற்போன் மூடிவிடுகிறான். வாங்குவோனோ அங்கொரு கண் இருந்ததையே அறியான்!

அக்கண்ணைத் திறத்தற்கு வேண்டுவது, 0.5 ஓம் மின்தடையம் ஒன்று. உணர்காலுக்கும் நிலமுனைக்கும் இடையே அதனை வைத்தால், 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட், 2 ஆம்பியருக்கு 1 வோல்ட் எனத் தோன்றும். 2 ஆம்பியரில் அது 2 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பதால், மெல்லிய மின்தடையம் உதவாது. 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுத்தறியும் நுண்கட்டுப்படுத்தி, 1 ஆம்பியரை ஏறத்தாழ 102 என்றும், 2 ஆம்பியரை ஏறத்தாழ 205 என்றும் படிக்கும்.

ஈண்டு இரு நுட்பங்களை மறத்தலாகாது. விரைவைக் குறைத்தற்கு மின்னைத் துடிப்பு துடிப்பாக விடுங்கால், துடிப்பு திறந்திருக்கும் பொழுதிலேயே அளத்தல் வேண்டும். மூடிய பொழுதில் அளந்தால் பொய்யெண்ணே கிட்டும். மற்றொன்று, புறப்படும் நொடியில் எதிரழுத்தம் இன்மையின், எந்த மின்னோடியும் திணறும் மின்னோடி போன்றே மின்னை உறிஞ்சும். எனவே, தொடக்கத்தில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவேனும் பொறுத்து, அதன் பின்னும் எண் உயர்ந்தே நிற்குமாயின் மின்னை அறுக்குமாறு நிரல் எழுதல் வேண்டும். இப்பொறுமை மின்னோடிதோறும் வேறுபடும். ஆய்ந்தே வரையறுத்தல் வேண்டும்.

'உருகி ஒன்று போதாதா?' என்பர் சிலர். உருகி கேட்டிற்குப் பின் இறப்பது. உணர்வு கேட்டிற்கு முன் விழிப்பது. புறப்பாட்டையும் திணறலையும் உருகி சரிவரப் பிரித்தறியாது. 'விளையாட்டுப் பொறிக்கு இத்துணை ஆய்வு எதற்கு?' என்பர் வேறு சிலர். மகிழுந்தின் சாளரக் கண்ணாடியை ஏற்றுவதும் இத்தகைய சிறு மின்னோடியே. குழந்தையின் கை இடையே அகப்பட்டால், சுமையுணர்ந்த பொறி கண்ணாடியைக் கீழிறக்கும். உணராத பொறி நெரிக்கும். மருத்துவமனையில் நோயாளியின் குருதிக் குழாயினுள் மருந்தைச் செலுத்தும் எக்கி, வழி அடைபட்டதை உணர்ந்து ஓலமிட வேண்டுவதும் இக்கரணியத்தாலேயே. இன்று கண்மூடிக் கற்கும் மாணவனே நாளை அவற்றைச் செய்பவன். அப்பொழுது கருகப் போவது மின்னோடி மட்டுமன்று.

1937இல் கோவையில், கோ. து. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்னோடியைச் செய்தளித்தனர் என்பது தமிழகத்தின் பெருமை. மின்னோடியை ஆக்கிக் காட்டிய மண்ணில், அயலார் பலகையில் அயலார் நிரலைப் படியெடுத்து ஒட்டுவதே அறிவியல் எனப்படுதல் இழிவன்றோ? பொருளறியாத அயன்மொழி வரிகளைப் பார்த்தெழுதும் மாணவனுக்கு, எந்த எண் மின்னோட்டம், எந்த எண் பொறுமை என்பது விளங்குவதில்லை. சுமை, துடிப்பு, தடை, திணறல் ஆகிய சொற்களோ அவன் வீட்டுச் சொற்கள். மேட்டில் வண்டி திணறுவதைக் கண்டவனுக்கு மின்னோடி திணறுவதை விளக்கப் பிறமொழி எதற்கு?

ஆகவே, செய்யத் தக்கவை மூன்று. மின்னோடியைச் சுழற்றும் முதற் பாடத்திலேயே, சுமையளக்கும் பாடமும் சேர்தல் வேண்டும். உணர்கால்களை மூடாத பலகைகளையே பயிற்சிக் கூடங்கள் கேட்டு வாங்குதல் வேண்டும். இவற்றின் செய்முறை நூல்கள், எண்ணும் விளக்கமுமாகத் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு மின்தடையத்தின் விலையும், ஆசிரியரின் சிறிது முயற்சியுமே போதும்.

வடம் இழுக்க ஆயிரம் கைகள் உள்ளன. முட்டுக்கட்டை பிடிக்கும் அறிவுடைக் கைகளே இன்று வேண்டுவன!