கேட்போரும் களனும்

சென்ற ஆவணியில் தந்தையின் திதியன்று இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். தம்பியின் சட்டைப்பையிலிருந்து ‘டிக்’ என்றொரு ஒலி எழுந்தது. அடுத்த கணம் யாரோ ஒருவர் கத்தத் தொடங்கினார். எவனோ ஓர் ஓட்டுநர் சரக்கைத் தவறான கிடங்கில் இறக்கிவிட்டானாம். அவனுடைய படிப்பு, வளர்ப்பு, வாங்கும் சம்பளம் அனைத்தும் இருபது நொடிகளுக்குள் விசாரிக்கப்பட்டுவிட்டன. தம்பி இடக்கையால் அலைபேசியை எடுத்து அணைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நின்றுவிட்டாள்.

“உன்னையாடா திட்டறாங்க?”

“இல்லம்மா, வேற பையன்.”

“அப்ப உனக்கு எதுக்குக் கேக்குது?”

தம்பியிடம் பதில் இல்லை. அவன் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் மேற்பார்வையாளன். அலைபேசியையே வாக்கி-டாக்கியாக்கும் செயலி ஒன்றை அங்கே எல்லோரும் வைத்திருக்கவேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் குழுவிலுள்ள அத்தனை பேரின் பையிலும் அக்குரல் ஒலிக்கும். மணி அடிப்பதில்லை, எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அவகாசமும் இல்லை.

பழைய வாக்கி-டாக்கியும் இப்படித்தானே என்று கேட்கலாம். காவலர் தோளில் அது இரைவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கருவிக்குச் சில கிலோமீட்டர் எல்லை உண்டு. பேசியது காற்றோடு போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பணி முடிந்தால் கருவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். செயலியோ இணையத்தின் வழியே இயங்குவது. தொலைவு அதற்குப் பொருட்டில்லை. பேசியதைச் சேமித்துவைத்து மறுபடி கேட்கவும் வசதி தருகிறது. அந்தப் பையன் வாங்கிய வசை இப்போதும் எத்தனை அலைபேசிகளில் கிடக்கிறதோ. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இன்று யார்?

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்று வருகிறது, கேட்போர் வருகிறது, களனும் தனியே வருகிறது. மாணவர்களுக்கு இதை நடத்தும்போதெல்லாம், பேசுபவரைச் சொன்னால் போதாதா, கேட்பவரையும் இடத்தையும் ஏன் பிரித்து எண்ணினார் என்று யாராவது கேட்பதுண்டு. ‘முன்னம்’ என்ற உறுப்பைக் காட்டுவேன்: இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னார் இன்னாருக்குச் சொல்லத்தக்கது என்று உணர வைப்பது அது. இனி அம்மாவின் கேள்வியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கத்திய அந்த அதிகாரி கொடியவராக இருக்கவேண்டியதில்லை. தம் குரல் ஒரு திதி வீட்டில் இலைக்கு நடுவே விழுகிறது என்பதை அவர் அறிய அக்கருவியில் வழியில்லை என்பதே என் குறை.

இத்தகைய செயலிகளை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு காரணம் சொல்கிறார்கள். ஸெல்லோ இவற்றுள் பெயர்பெற்றது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் சிலர் அதைப் பயன்படுத்தினர் என்று செய்தி வந்தபின், அந்நிறுவனம் ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய 2,000-க்கும் மேற்பட்ட அலைவரிசைகளை நீக்கியது. அதே செயலியை 2014 போராட்டத்தின்போது வெனிசுவேலா முடக்கியது. 2017-இல் ரஷ்யா முடக்கியது. அதே 2017-இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது, சொந்தப் படகுகளோடு வந்த தன்னார்வலர்கள் அதில் பேசித்தான் கூரைமேல் நின்றவர்களைத் தேடிப் போனார்கள். (அடுத்து வந்த இர்மா புயலின்போது, இணையம் இல்லாமலே இது இயங்கும் என்று நம்பிப் பலர் தரவிறக்கினர். அது தவறு என்று நிறுவனமே சொல்லவேண்டியதாயிற்று.) படகுக்காரருக்கு மணி அடித்து, எடுத்து, வணக்கம் சொல்ல நேரமில்லை. ஆகவே தடைசெய்க என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒட்டுக்கேட்பு பற்றிய அச்சமும் பொய்யன்று. 2019 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் கைக்கடிகாரத்தின் வாக்கி-டாக்கி வசதியைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. பிறர் ஐபோன் வழியே அவர் இசைவின்றிக் கேட்கக்கூடிய ஓட்டை அதில் இருந்தது. 2024-இல் பிரான்சின் பதின்வயதினரிடையே ‘டென்டென்’ பரவியபோதும் பெற்றோர் முதலில் அஞ்சியது இதற்குத்தான். எனக்கு அதில் உறுத்தியது வேறொன்று. பூட்டியிருக்கும் அலைபேசியிலும் நண்பனின் குரல் நேராக ஒலிக்கும் என்பதையே அச்செயலி தன் கவர்ச்சியாக வைத்தது. நாம் பேசுவதைப் பிறர் கேட்டுவிடுவார்களோ என்று இத்தனை பதறும் நாம், கேட்க விரும்பாததைக் கேட்கவைக்கப்படுவதைக் குறைவாகவே பொருட்படுத்துகிறோம்.

தீர்வு கடினமானதன்று. செயலியில் உங்களை ‘ஓய்வில்’ என்று குறித்துக்கொள்ளலாம்; குரல் அப்போது காத்திருக்கும். பணிநேரம் முடிந்ததும் அலைவரிசையை மூடுவதாக நிறுவனம் ஒரு வரி எழுதிவைத்தாலும் போதும். தம்பியிடம் சொன்னேன். “ஓய்வுன்னு போட்டா அவருக்குத் தெரியும்ணே” என்றான்.

இப்போது அவன் அம்மாவைப் பார்க்க வரும்போது அலைபேசியை வண்டியின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வருகிறான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறான்.