பித்தளைக் குழலும் நாட்பயிற்சியும்



நம் பள்ளியில் பித்தளை வாத்தியக் குழு தொடங்கப்பெற்ற நாள் முதல் என்னிடம் இருவகை முறையீடுகள் வந்தவண்ணம் உள்ளன. "பிள்ளை ஊதினால் லயமே அதிர்கிறது, வேலை முடிந்து வந்து கண்ணயர முடியவில்லை" என்பது ஒன்று. "மூன்று மாதமாகியும் ஒரு பாட்டுக்கூட வரவில்லையே, ஐயா" என்பது மற்றொன்று. இவற்றிற்குத் தீர்வாக, கருவிகளை அலமாரியில் பூட்டிவைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு மணி நேரம் பயிற்சி அளிக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிலர் கூறினர். நல்லெண்ணத்தோடுதான் கூறினர். எனினும் நான் அதற்கு உடன்படவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ட்ரம்பெட்டில் ஒலியை எழுப்புவது பித்தளையன்று, உதடு. கோயில் விழாக்களில் முழங்கும் கொம்பும் எக்காளமும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. நாகசுரத்தில் சீவாளி துடிக்கிறது. இவற்றிலோ ஊதுவோனின் உதடுகளே சீவாளியாகின்றன. ட்ரம்பெட்டிற்கு வால்வுகள் மூன்றே. நடு வால்வை அழுத்தினால் சுருதி அரைச்சுரம் இறங்கும். முதல் வால்வு ஒரு முழுச்சுரம் இறக்கும். மூன்றாவது ஒன்றரைச் சுரம் இறக்கும். மூன்றே வால்வுகளைக் கொண்டு இத்தனை சுரங்கள் எங்ஙனம் பிறக்கின்றன? விரல் அசையாதிருக்கவே, உதட்டின் இறுக்கத்தாலும் காற்றின் வேகத்தாலும் சுரம் மேலேறுகிறது. ஆகவே, பயிற்சி பெற வேண்டியது விரலைக் காட்டிலும் வாயைச் சூழ்ந்த சிறு தசைகளே. அவை விரைவில் களைத்துவிடும். களைத்தபின் பிள்ளை என்ன செய்கிறான்? ஊதுவாயை உதட்டின்மேல் அழுத்தி ஊதுகிறான். உதடு வீங்குகிறது.

இதனை நான் என் பிழையினாலேயே கற்றேன். பல்லாண்டுகளுக்குமுன், வேறொரு பள்ளியில், விளையாட்டுப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் மாணவர்களை மாலைதோறும் இரண்டு மணி நேரம் விடாமல் ஊதவைத்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், ஆர்வம் மிக்கவன். போட்டி நாளன்று அவன் உதடு தடித்திருந்தது. காற்று வந்ததேயன்றி ஒலி வரவில்லை. அவன் தாய் தந்தையர் பார்த்துக்கொண்டிருக்க, ஊதுவதுபோல் பாவனை செய்தவாறே திடலைச் சுற்றிவந்தான். மறுவாரம் கருவியைத் திருப்பித் தந்துவிட்டான். அவன் சோம்பேறியல்லன். அளவு வகுக்கத் தெரியாதவன் நானே.

மரம் சீவுவோர்க்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை. ஒருநாள் சீவி ஒருநாள் விடுவது ஏன் என்பதும், உளி ஆழப் பதிந்தால் பட்டை என்னவாகும் என்பதும் அவர்கள் அறிந்தவை. உதட்டிற்கும் உழைப்பும் ஓய்வும் மாறிமாறி வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஊதுவது காயத்தையே தரும். இடைப்பட்ட ஆறு நாள்களில் கற்றது கலைந்துவிடும்.

புதிதாகத் தொடங்கும் மாணவனுக்கு நாள்தோறும் இருபது நிமிடம் போதும். அதுவும் பத்துப் பத்தாகப் பிரித்து. முதலில் வாயை நீரால் கொப்பளிக்க வேண்டும். பின்னர், தோள் உயராமல் நான்கைந்து முறை ஆழ்ந்து மூச்சிழுத்து விடுதல். ஊதுவாயைத் தனியே கழற்றி ஒரு நிமிடம் உதட்டைத் துடிக்கவிடுதல். அதன்பின் நீள்சுரம்: தாழ்ந்த, எளிதில் வரும் ஒரு சுரத்தை எட்டு எண்ணும்வரை அசையாமல் நிறுத்துதல். எவ்வளவு நேரம் ஊதினோமோ அவ்வளவு நேரம் கருவியை இறக்கி ஓய்தல். இதுவே பயிற்சியின் உயிர்நாடி; பிள்ளைகள் முதலில் கைவிடுவதும் இதனையே! மாலையில் சுரவரிசையும், விரலசையாமல் இரு சுரங்களுக்கிடையே ஏறியிறங்குவதும். இறுதி மூன்று நிமிடம் பிடித்த பாட்டு. அதனை மறுக்காதீர்கள், பாட்டே கிடைக்காத பிள்ளை நெடுநாள் நிலைக்கமாட்டான். யார் உச்சிச் சுரத்தை எட்டுவது என்னும் போட்டி மட்டும் வேண்டா. ஆர்பன் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1864ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி நூல் இன்றும் உலகெங்கும் பயிலப்படுகிறது. அதுவும் எளிய நீள்சுரங்களிலிருந்தே தொடங்குகிறது.

இனி, இரைச்சல். விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்பவர் பிற்பகலில் உறங்க வேண்டும், அது நியாயமே. எனவே காலைப் பத்து நிமிடம் வகுப்புக்கு முன் பள்ளியிலேயே நடக்கட்டும். மாலைப் பத்து நிமிடம் ஐந்து மணிக்குமேல், லயத்தை விட்டுத் திடலோரமாக. அந்நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருக்குமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தே நிமிடந்தான், அம்மா.

கருவி நசுங்கிவிடுமே என்று அஞ்சுவோரும் உளர். நசுங்கினால் தட்டிச் சரிசெய்யலாம். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்பொழுது, அங்குள்ள வாத்தியக் குழுவில் சேரத் தயங்கி ஓரமாய் நிற்பதை எதைக்கொண்டு சரிசெய்வது?

வரும் திங்கட்கிழமை முதல் அலமாரிச் சாவி என் மேசைமீது இருக்கும். பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கருவியை எடுத்துச் செல்லலாம். வால்வு எண்ணெய் இரண்டு துளி விட்டு, உள்ளே தேங்கிய நீரை வடித்து, மறுநாள் காலையில் கொண்டுவர வேண்டும்.